ஒரு மில்லிமீட்டர், நாலாயிரம் லிட்டர்

மானாவாரிப் பக்கம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

புரட்டாசி நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்துக் கரிசல், செவல் (செம்மண்) காடுகளிலிருந்து, அதாவது மானாவாரி நிலங்களிலிருந்து, வந்தவை. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஓரிரு கடிதங்கள். படிக்கத் தொடங்குமுன் ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். கீழே பல பதில்களில் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

ஐயா, ஆறு ஏக்கர் கரிசல். போன வருஷம் புரட்டாசியில் புழுதியில் சோளம் விதைத்தேன். ஒரு தூறல் விழுந்ததும் முளைத்தது. அடுத்த பத்து நாள் வெயிலில் அத்தனையும் கருகிப்போனது. இந்த வருஷம் மழை பெய்த பிறகே விதைக்கலாமா?
– விளாத்திகுளம் வாசகர்

புழுதியில், அதாவது மழைக்கு முன் காய்ந்த மண்ணில், விதைத்தது தப்பில்லை. விதை மேலாக விழுந்ததுதான் கெடுத்தது.

காய்ந்த கரிசலில் 10 மி.மீ. மழை பெய்தால் மேலே 3 செ.மீ. மண்தான் நனையும். கையால் தூவி மேலே கலப்பை ஓட்டினால் விதை ஒரு அங்குலத்திலும் கிடக்கும், மூன்று அங்குலத்திலும் கிடக்கும். மேலாகக் கிடந்தவை தூறலுக்கே முளைத்துவிடும். வேர் கீழே இறங்க ஈரம் இருக்காது. விதையை 5 செ.மீ. ஆழத்தில், அதாவது இரண்டு அங்குலத்தில், சீராக வைத்தால் 20 மி.மீ. அளவுக்கு மழை இறங்கினால்தான் அது கண் திறக்கும். அந்த அளவு மழை ஒரே மூச்சில் பெய்தால் பெரும்பாலும் பருவம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆக, ஆழம்தான் இங்கே பூட்டு. இதற்கு டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவி வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குக் கிடைக்கும்.

மழைக்குப் பிறகு விதைப்பதில் வேறு சிக்கல். நல்ல மழை பெய்த கரிசலுக்குள் ஒரு வாரம், பத்து நாளைக்குக் கால் வைக்க முடியாது. கால் வைக்கும் பதம் வரும்போது மேல்மண் காயத் தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமே ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான். முன்னால் இழந்த இரண்டு வாரம் பின்னால் பூக்கும் நேரத்தில் பயிரின் கழுத்தைப் பிடிக்கும். அதனால் சோளத்துக்கும் பருத்திக்கும் புரட்டாசி முதல் பாதியில் புழுதி விதைப்பே எங்கள் வாக்கு. உளுந்து, பாசிப்பயறை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

விதையைக் கடினப்படுத்தித்தான், அதாவது ஊற வைத்து மறுபடி காய வைத்துத்தான், விதைக்க வேண்டும். சோளத்துக்குச் செய்முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, அதில் ஒரு கிலோ விதையை 6 மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு வடித்து நிழலில் பரப்பிப் பழைய ஈரப்பதத்துக்குக் காய வையுங்கள். ஏக்கருக்கு 6 கிலோ விதை. காய்ந்ததா என்று கையால் பிடித்துப் பார்த்தால் தெரியாது. ஊற வைக்குமுன் எடை போட்டு வைத்து, அதே எடைக்கு வரும்வரை காய வைப்பதுதான் சரி. இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். இரவு ஊறப் போட்டுக் காலையில் எடுத்தால் சில விதை முளைவிட்டிருக்கும். அதைக் காய வைத்தால் செத்துவிடும். வெயிலில் காய வைத்தாலும் முளைப்பு குறையும்.

உளுந்துக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது, தோல் வெடித்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.1 கிராம் துத்தநாக சல்பேட் என்று கரைத்து, அந்தக் கரைசலில் கிலோ விதைக்கு 350 மில்லி மட்டும் ஊற்றி 3 மணி நேரம் வைத்தால் போதும்.

ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோ விதையைத் தனியாக எடுத்து வையுங்கள். எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும், சில இடம் சொட்டை விழும். முளைத்து ஒரு வாரத்துக்குள் அந்த இடங்களை நிரப்பிவிட வேண்டும். பிந்திப் போட்ட செடி முந்திய செடியின் நிழலில் தேறாது.

ஐப்பசி முடிந்தும் விதைப்பு மழை வரவில்லையா? சோளம், மக்காச்சோளத்தைப் பற்றி அதற்குமேல் நினைக்க வேண்டாம். கொத்தமல்லிக்கும் கொண்டைக்கடலைக்கும் மாறுங்கள். இரண்டும் கரிசல் ஈரத்திலும் பனியிலும் ஓடக்கூடியவை.

எங்களுடையது செவல். அரை மணி மழைக்கே காட்டுத் தண்ணீர் ஓடைக்குப் போய்விடுகிறது. மறுநாள் ஒரு அடி தோண்டிப் பார்த்தால் காய்ந்த மண். என்ன செய்யலாம்?
– அருப்புக்கோட்டை வட்டார வாசகர்

உங்கள் நிலத்தில் இரண்டு மூடி இருக்கிறது. ஒன்று மேலே. மழைத்துளி அடித்து மண் குருணை உடைந்து, காய்ந்ததும் ஓடு போல இறுகுவது. மற்றது கீழே. வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் கலப்பை ஓடி, அதற்குக் கீழே இறுகிப்போன கடினப் படுகை. நல்ல மழைக்கு மறுநாள் அரை அங்குலக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். அரை அடி சுலபமாக இறங்கிச் சட்டென்று நின்றால் அங்கே படுகை இருக்கிறது.

கீழ் மூடிக்கு, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, முதலில் ஒரு திசையில், பிறகு அதற்குக் குறுக்கே ஓட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். இது காய்ந்த மண்ணில் செய்யும் வேலை. ஈரத்தில் ஓட்டினால் படுகை நொறுங்காது, கத்தி போட்ட மாதிரி ஒரு கீறல் விழுந்து பிறகு மூடிக்கொள்ளும். டீசல்தான் வீண். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது இதற்கும் பொருந்தும். 45 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர் திணறும்.

மேல் மூடிக்கு மக்கிய தொழுவுரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ ஏக்கருக்கு 5 டன். மக்காத நார்க்கழிவைப் போட்டுவிட்டுப் பயிர் மஞ்சளாகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

ஓடுகிற தண்ணீரை நிறுத்தப் பகுதிப் பாத்தி. 8 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்களாக அரை அடி உயர வரப்பு போடுங்கள். நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். மாட்டுக்கும் டிராக்டருக்கும் வரப்பு போடும் கருவி இருக்கிறது. 25 மி.மீ. மழை ஒன்று பெய்து அதில் பாதி ஓடிவிட்டால் ஏக்கருக்கு 50,000 லிட்டர் போச்சு. டேங்கர் தண்ணீராக வாங்கினால் என்ன விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சரிவு அதிகமான இடத்தில் மட்டும் பாத்தி ஒன்றை ஒன்று உடைத்துக்கொண்டு போகும். அங்கே சம உயர வரப்பு கட்டி, வழிந்தோட ஒரு கல் வாய் வைக்க வேண்டும்.

பண்ணைக்குட்டை வெட்டலாம் என்றிருக்கிறேன். எத்தனை சென்ட் ஒதுக்க வேண்டும்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் குட்டையில் தை மாதமே தண்ணீர் இல்லை.
– திருச்சுழி வாசகர்

முதலில் உங்கள் நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் குட்டைக்கு வரும் என்று பாருங்கள். குட்டையின் அளவு அதற்குப் பிறகுதான். பருவத்தில் 400 மி.மீ. பெய்து அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால், ஏக்கருக்கு 40 மி.மீ., அதாவது 1.6 லட்சம் லிட்டர். மேலே சொன்ன பகுதிப் பாத்தியைச் சரியாகப் போட்ட நிலத்தில் ஓடி வருவது இன்னும் குறையும். அது நல்லதுதான். மண்ணுக்குள் போன தண்ணீர் குட்டைத் தண்ணீரைவிட மலிவு.

இப்போது 10 சென்ட் குட்டையைப் பார்ப்போம். மேலே 66 அடிக்கு 66 அடி, ஆழம் 10 அடி. கரை ஒரு அடி இறங்க ஒன்றரை அடி உள்ளே வரும்படி சரிவு. அப்படியானால் அடித்தளம் 36 அடிக்கு 36 அடி. இதில் சுமார் 7.6 லட்சம் லிட்டர் பிடிக்கும். இதை நிரப்பக் குறைந்தது நாலரை, ஐந்து ஏக்கரின் ஓட்டம் வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு 10 சென்ட் வெட்டினால் வருஷா வருஷம் பாதிக் குட்டைக்கு மேல் காலியாகவே இருக்கும். சுவரைச் செங்குத்தாக வெட்டினால் அதிகம் பிடிக்கும் என்று பொக்லைன்காரர் சொல்வார். கரிசல் நனைந்ததும் சுவர் சரிந்து உள்ளே விழும். அதைக் கேட்காதீர்கள்.

ஆவியாகப் போவது: கார்த்திகை, மார்கழியில் நாளுக்கு 4 மி.மீ. என்று வைத்தால் இரண்டு மாதத்தில் ஒரு லட்சம் லிட்டர் வரை போகும். கசிவும் கரிசலில் ஏறக்குறைய அந்த அளவு என்று கழித்துவிடுங்கள். மிஞ்சுவது ஐந்தரை லட்சம். வாய்க்கால் வழியே 50 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் வேண்டும், இரண்டரை ஏக்கரோடு சரி. தெளிப்பு நீரில் 30 மி.மீ. கொடுத்தால் ஏக்கருக்கு 1.2 லட்சம், நாலு ஏக்கர் தாண்டும். குட்டையின் வேலை அந்த ஒரு தண்ணீர்தான். உளுந்துக்குப் பூ, பிஞ்சு நேரத்தில். மக்காச்சோளத்துக்கு ஆண் பூ வந்து நூல் வெளிவரும் நேரத்தில். நிலக்கடலைக்கு விழுது இறங்கும்போது. அந்த நேரத்தில் மழை தவறினால் இந்த ஒரு தண்ணீர் விளைச்சலைக் காப்பாற்றும். இதை வைத்து நெல் போடலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

பக்கத்துக் குட்டை தையில் வற்றியதற்குப் பெரும்பாலும் மண்ணே காரணமாக இருக்கும். சரளையும் செவலும் கலந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. அங்கே பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். 500 மைக்ரான் கனமுள்ள விரிப்பு, மேலே சொன்ன குட்டைக்கு ஓரத்தில் புதைக்கும் மடிப்பையும் சேர்த்து சுமார் 540 சதுர மீட்டர் ஆகும். விரிக்குமுன் கல், வேர், குச்சி அத்தனையையும் பொறுக்குங்கள். மேல் விளிம்பைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து அதில் விரிப்பைப் புதையுங்கள். ஆடு உள்ளே இறங்கினால் குளம்பு பட்டு ஓட்டை விழும், வேலி கட்டாயம். வழுக்கும் விரிப்பில் விழுந்தால் பெரியவர்களாலும் ஏற முடியாது. ஒரு மூலையில் முடிச்சுப் போட்ட கயிறு எப்போதும் தொங்கட்டும்.

வழக்கமாகக் காணும் மற்ற கோளாறுகள்: தோண்டிய மண்ணைத் தண்ணீர் வரும் பக்கமே குவிப்பது; கரை விளிம்பிலேயே குவிப்பது (மூன்று அடி தள்ளிப் போடுங்கள்); வரும் வாயில் வண்டல் பிடிக்கும் குழி இல்லாதது. ஆறடிக்கு ஆறடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி போதும், வருஷம் ஒரு முறை அள்ளிவிடலாம். வழிந்தோடும் வாய் கரை உச்சிக்கு ஒன்றரை அடி கீழே, கல் பதித்து இருக்க வேண்டும். அது இல்லாத குட்டையைக் கரை உடைந்த பிறகுதான் போய்ப் பார்ப்பார்கள். ஆழத்திலிருந்து வந்த சுண்ணாம்பு மண்ணைக் காட்டில் பரப்பாதீர்கள், கரைக்குத்தான் அது.

உளுந்து முப்பது நாள் பயிர். பதினெட்டு நாளாக மழை இல்லை. மத்தியானம் இலை தொங்குகிறது. உரக்கடையில் வறட்சிக்கு என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அடிக்கலாமா? பக்கத்தில் மக்காச்சோளமும் சுருள்கிறது.
– எட்டயபுரம் வாசகர்

பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அது மண்ணில் இல்லாத தண்ணீரைக் கொண்டுவராது. முதல் வேலை களைக்கொத்து. வரிசைகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் மட்டும் மேலாகக் கொத்துங்கள். களை போவது ஒரு லாபம். கரிசலில் வெடிப்பு மூடுவது அதைவிடப் பெரிய லாபம். வெடிப்பு திறந்திருந்தால் ஒன்றரை அடி ஆழத்து ஈரமும் அதன் வழியே காற்றில் போகும். ஆழமாகக் கொத்தினால் வேர் அறுந்து, இருக்கிற பயிரும் உட்கார்ந்துவிடும். பழைய தட்டை, சருகு ஏக்கருக்கு இரண்டு டன் கிடைத்தால் வரிசை நடுவே பரப்புங்கள்.

அடுத்து, வாயைக் குறையுங்கள். மக்காச்சோளத்தில் மூன்றாவது வரிசையை அறுத்து எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு வரிசை கதிர் பிடிக்க வழி உண்டு. மனசு வராதுதான். ஆனால் மூன்று வரிசையும் கதிரில்லாமல் நிற்பதைவிட இது மேல்.

தெளிப்பு அதற்குப் பிறகு. லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு (கடைப் பேச்சில் பொட்டாஷ்). ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ. இலைத்துளை மூடித் திறக்கும் வேலையைப் பொட்டாஷ் ஒழுங்குபடுத்துவதால் ஒரு வாரம், பத்து நாள் தாக்குப் பிடிக்க உதவும். சிவப்புப் பொட்டாஷில் கசடு அதிகம், வெள்ளையாக வருவதைக் கரைத்து வடிகட்டுங்கள். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4-க்கு மேல் அடியுங்கள். உப்பு போர்த் தண்ணீரில் கலக்காதீர்கள், இலை விளிம்பு கருகும்.

இந்த நிலையில் யூரியா தூவவே வேண்டாம். காய்ந்த மண்ணில் போட்ட யூரியா ஆவியாகப் போகும். மழை வந்த பிறகு, பூக்கும் நேரத்தில் 2 சதவீத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலும், பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒரு முறையும் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊற வைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்க வேண்டும். அடியில் தங்கும் கசடைச் செடிக்கு எருவோடு போடலாம்; தெளிப்பானில் ஊற்றினால் மூக்கு அடைக்கும்.

700 அடி போர் வற்றிவிட்டது. இன்னும் 500 அடி இறக்கினால் தண்ணீர் நிச்சயம் என்று ரிக் வண்டிக்காரர் சொல்கிறார்.
– அரூர் வாசகர்

நிச்சயம் என்று சொல்பவருக்கு அடிக்கணக்கில் காசு என்பதை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. அங்கே தண்ணீர் மேலே மக்கிய பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். எப்போதாவது ஒரு வெடிப்பு தட்டினாலும் அது பல காலம் சேர்ந்த தண்ணீராக இருக்கும். எடுத்தால் தீரும், திரும்ப ஊற நாளாகும். உங்கள் பகுதியில் ஆழத் தண்ணீரில் ஃபுளூரைடு வேறு உண்டு, குடிக்க உதவாமல் போகலாம்.

போர் இன்னும் கொஞ்சம் கொடுக்கிறது என்றால் அதை அளந்து பாருங்கள். ஒன்றரை இஞ்ச் தண்ணீர் என்ற பேச்சை வைத்துப் பயிர் திட்டம் போட முடியாது. மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு 200 லிட்டர் பீப்பாய் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிஷம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். நாலு மணி நேரம் ஓடி 24,000 லிட்டர். சொட்டுநீரில் ஒரு ஏக்கருக்கு நாளுக்கு 4 மி.மீ., அதாவது 16,000 லிட்டர். ஆக உங்கள் போருக்குத் தாங்கும் நிலம் ஒன்றரை ஏக்கர். மூன்று ஏக்கரில் நட்டால் மூன்றும் காயும். அதே போரில் வாய்க்கால் பாசனம் என்றால் ஒரு ஏக்கரை ஒரு முறை நனைக்க 34 மணி நேரம். மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டினால் தண்ணீர் கூடாது, போர் சீக்கிரம் காலியாகி மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும். தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்தும் ரிலே ஒன்றைப் பேனலில் போட்டுவிடுங்கள்.

வற்றிய போரை மழைநீர் இறக்கப் பயன்படுத்தலாம். போரின் மேல்பகுதியில் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி, பத்தடி ஆழத்தில் குழி எடுத்து, குழிக்குள் வரும் பைப்பில் துளையிட்டு நைலான் வலை சுற்றுங்கள். அடியில் பெருங்கல், நடுவே ஜல்லி, மேலே இரண்டு அடி பருமணல். கல் நிரம்பிய குழிக்குள் ஒரு நேரத்தில் 11,000 லிட்டர் நிற்கும். கலங்கல் தண்ணீரை வடிகட்டாமல் நேராக விட்டால் களி போய் வெடிப்பை அடைத்துவிடும், பிறகு அந்தப் போரைச் சீராக்க வழியில்லை. பூச்சிமருந்து அடித்த காட்டுத் தண்ணீரும் கூடாது. ஒவ்வொரு ஆவணியிலும் மணலின் மேல் மூன்று அங்குலத்தைச் சுரண்டிப் புது மணல் போடுங்கள். வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் போர் வாய்க்கு இரும்பு மூடி இல்லாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள்.

சொட்டுநீர் போட்டு மூன்று வருஷம். வரிசைக் கடைசியில் தண்ணீர் வருவதில்லை. துவாரத்தில் வெள்ளையாகப் படிகிறது.
– பல்லடம் வாசகர்

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. ஆழ்துளைத் தண்ணீரில் கரைந்திருப்பது சூட்டில் படிகிறது. எவ்வளவு அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவானின் கீழே பாட்டில் வைத்தால் 15 நிமிஷத்தில் ஒரு லிட்டர் வர வேண்டும். வரிசையின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் வையுங்கள். எல்லா இடத்திலும் குறைந்தால் வடிகட்டியையும் அழுத்தத்தையும் பாருங்கள். கடைசியில் மட்டும் குறைந்தால் குழாயின் முனையைத் திறந்து அலசினாலே பாதி சரியாகும்.

படிவுக்கு அமிலம். ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் உங்கள் தண்ணீர் எடுத்து, கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டு, பி.எச். தாளில் 4 காட்டும் வரை எண்ணுங்கள். அந்தக் கணக்கில் வென்சுரி (கரைசலை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) வழியே செலுத்துங்கள். கடைசிச் சொட்டுவானில் தாளை நனைத்து 4 வந்ததும் மோட்டாரை நிறுத்தி, ஒரு இரவு விட்டு, காலையில் முதலில் துணைக்குழாய், பிறகு பக்கக் குழாய் முனைகளைத் திறந்து அலசுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. பச்சைப் பாசிக்கு பிளீச்சிங் கரைசல் விடுவது உண்டு. அதையும் அமிலத்தையும் ஒரே நாளில் விட்டால் நச்சு வாயு வரும்.

கடின நீரில் டி.ஏ.பி.யையோ சூப்பர் பாஸ்பேட்டையோ சொட்டுநீர் வழியே கொடுத்தீர்களானால் அடைப்பை நீங்களே விலைக்கு வாங்குகிறீர்கள்.

கண்மாய் வண்டல் அடித்தால் நிலம் ஈரம் பிடிக்குமா?
– கமுதி வாசகர்

செவலும் மணலும் என்றால் பிடிக்கும். கரிசலில் அடிப்பது வீண் கூலி, அங்கே களிக்குக் குறைவில்லை. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர், டிராக்டர் கணக்கில் முப்பது நடை, அனுமதி பெற்று எடுக்கலாம். பரப்பினால் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனம் வரும். கட்டி கட்டியாக விட்டுவிடாமல் காயவிட்டு உடைத்துப் பரப்பிக் கோடை மழைக்கு முன் உழுதுவிடுங்கள். உப்புப் பூத்த இடத்து வண்டலை எடுக்காதீர்கள். கரை ஓரத்திலும் மடை அருகிலும் தோண்டக்கூடாது. வண்டலுக்குக் கீழே சரளை தெரியும்வரை வழித்தால் கண்மாய் கசியும், உங்கள் காட்டுக்கு ஈரம் வந்து ஊருக்குத் தண்ணீர் போகும்.

பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். என் காடு மட்டும் காய்ந்தால் பணம் வருமா?
– சாத்தூர் வாசகர்

வறட்சிக்கு வராது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வறட்சி இழப்பு அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலை வைத்தே கணக்கிடப்படும். 72 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும் என்பது ஆலங்கட்டி, வெள்ளத் தேக்கம் போன்ற தனி வயல் சேதத்துக்கு. மழை இல்லாமல் அந்த வட்டாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து அந்தப் பயிருக்கான கணக்கை முடிப்பார்கள். உங்கள் பங்கு பிரீமியம் ராபி (குளிர்காலப் பருவ) உணவுப் பயிருக்கு 1.5, பருத்தி, மிளகாய்க்கு 5 சதவீதம். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) உள்ள பயிரும் நீங்கள் கட்டிய பயிரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பாதித் தகராறு அதில்தான் வருகிறது.

வாடிய சோளத்தை அறுத்து மாட்டுக்குப் போடலாமா? பக்கத்து ஊரில் இரண்டு மாடு செத்ததாகச் சொல்கிறார்கள்.
– ஓட்டப்பிடாரம் வாசகர்

பச்சையாகப் போடாதீர்கள். இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும் பொருள் இருக்கிறது. வறட்சியில் அது கூடும். ஐம்பது நாளுக்குள்ளான பயிரும், அறுத்த பிறகு மழைக்குத் துளிர்த்த மறுதாம்பும் மிக மோசம். தின்ற சில நிமிஷத்திலிருந்தே மூச்சு வாங்கும், நுரை தள்ளும், ஈறு கடுஞ்சிவப்பாக மாறும், மாடு விழும். கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்கலாம், நேரம்தான் பிரச்சினை. உடனே அழையுங்கள், கை வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காதீர்கள்.

பூத்து முடிந்த பயிரில் ஆபத்து வெகுவாகக் குறையும். இளம் பயிர்தான் இருக்கிறது என்றால் அறுத்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறமொறவென்று காய வைத்துப் போடலாம், விஷம் பெரும்பாலும் போய்விடும். வாடிய மக்காச்சோளத்தில் வேறு சிக்கல், நைட்ரேட். அது காய வைத்தாலும் போகாது. அடித்தண்டில்தான் அதிகம் சேரும், ஒரு அடி விட்டு மேலே அறுங்கள். எதுவானாலும் வெறும் வயிற்றில் மாட்டை அவிழ்த்து அந்தக் காட்டுக்குள் விடாதீர்கள். முதலில் வைக்கோலைப் போட்டுப் பாதி வயிறு நிரம்பட்டும்.